பூட்ஸ் துடைக்காத ஸ்பானியர்

உதைபந்தாட்டத்தில் ஓஃப்சைட் என்றால் என்னவென்று எனக்கு இன்று வரை சரியாகத் தெரியாது. எத்தனையோ பேர் மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் நகர்த்தி நகர்த்தி விளக்கியிருக்கிறார்கள். விளங்கின மாதிரித் தலையாட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை இரண்டு வருடம் நடத்தினேன் என்றால், அந்தப் பத்திரிகையைப் பற்றியும் என்னைப் பற்றியும் பாதி விஷயம் உங்களுக்கு விளங்கிவிடும்.

எங்கள் விளையாட்டு ஆசிரியருக்குக் கனடா விசா வந்தது. ஒரே கிழமையில் மேசை லாச்சியைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார். போகும்போது ஒரு தொடரைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். ஸ்பெயின் நாட்டு முன்கள வீரர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அது. இரண்டு ஞாயிறு வெளிவந்திருந்தது. பிரதம ஆசிரியர் அதை அப்படியே என் தலையில் கட்டினார். நான் அப்போது பெண்கள் பக்கத்துக்காகச் சமையல் குறிப்பும் சரும அழகும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தவள். இங்கிலிஷ் தெரியும்தானே, பிறகென்ன என்று கேட்டார். பெயரை மாற்றினால் வாசகர்கள் குழம்பிப் போவார்களாம். அதனால் போனவருடைய புனைபெயரிலேயே, ஓர் ஆணின் பெயரில், நான் எழுதத் தொடங்கினேன்.

வேண்டாவெறுப்பாகச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். அது பொய். எனக்குப் பிடித்திருந்தது. கத்தரிக்காய்ப் பிரட்டலுக்கு எவரும் கடிதம் எழுதுவதில்லை. இந்தத் தொடருக்குக் கடிதம் வந்தது. "ஐயா, தங்கள் எழுத்தில் அந்த வீரர் கண்முன் ஓடுகிறார்" என்று எழுதியிருந்தார்கள். பந்து எந்தப் பக்கம் உருளும் என்று தெரியாத எனக்கு அந்த "ஐயா" இனித்தது.

அந்த ஸ்பானியர் உலகமே அறிந்த ஆளல்ல. வடக்கே நிலக்கரி தோண்டும் ஓர் ஊரில் பிறந்தவர். பெரிய நகரத்துக் கழகம் ஒன்றுக்கு நாலைந்து வருடம் கோல் கோலாக அடித்தார். பிறகு முழங்கால் போயிற்று. இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று படியிறங்கி, கடைசியில் ஒரு சின்னக் கழகத்துக்குப் பயிற்றுநர் ஆனார். அந்தக் கழகத்தை ஒரு படி மேலே ஏற்றினார். அடுத்த வருடமே அவரை நிறுத்திவிட்டார்கள். வேறோர் ஊர் கூப்பிட்டது, போனார். அங்கேயும் அதே கதை. தோற்றுத் தோற்று எழும்பும் அந்த மனிதரை எனக்கும் பிடித்துப்போயிற்று.

அவருடைய பேட்டி ஒன்று இணையத்தில் கிடைத்தது. அவர் விளையாடிக்கொண்டிருந்த காலத்தில் பெரிய இறுதிப்போட்டி ஒன்று. உடம்பு நல்லாயிருந்தது, அன்றைக்கு ஆடப்போகிறோம் என்று நம்பிப் போயிருக்கிறார். உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. பயிற்றுநர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். இது அவர் வாயாலேயே சொன்ன உண்மை. அந்த அத்தியாயத்தை எழுதும்போது எனக்கே கண் கலங்கிற்று.

அதோடு சரக்குத் தீர்ந்துபோயிற்று. ஆறு அத்தியாயத்துக்கு மேல் இழுக்க எனக்கு இணையம் எதுவும் தரவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு விளம்பரம் இருந்தது, அதற்குத் துணையாகத் தொடர் இன்னும் இரண்டு வாரம் போக வேண்டும் என்று பிரதம ஆசிரியர் சொன்னார். அது கிறிஸ்தவர்களின் பெரிய வாரம், ஈஸ்டருக்கு முந்தினது. வெள்ளி விடுமுறை. சனி காலையில் வந்து பக்கத்தை முடிக்க வேண்டும். பெரிய வியாழன் மாலை, கூட வேலை செய்யும் பெண்ணொருத்தி கொட்டாஞ்சேனையில் தன் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் சைவக்காரி, வெள்ளவத்தைக்காரி. ஆனால் கூப்பிட்டால் எந்தக் கோயிலுக்கும் போவேன். அங்கே ஃபாதர், இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, முழங்காலில் நின்று பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவித் துடைத்தார். ஒருவர் துறைமுகத் தொழிலாளி போல இருந்தார். வெடித்துப்போன குதிகாலை வெட்கத்தில் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். ஃபாதர் விடவில்லை. காலைப் பிடித்து இழுத்து, வெடிப்புகளுக்கு இடையிலும் துடைத்தார்.

சனி காலை கொம்பியூட்டரின் முன் உட்கார்ந்தபோது எனக்கு எழுத ஒன்றுமில்லை, அந்தக் குதிகால் மட்டும் நினைவில் இருந்தது. இப்படி எழுதினேன்: பயிற்றுநர் ஆன பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஒவ்வோர் ஆட்டத்தன்று காலையிலும், அணியில் சேர்க்காத வீரனின் பூட்ஸைத் தானே வாங்கி, அடியில் இறுகிய சேற்றைச் சுரண்டி, துடைத்து, பொலிஷ் போட்டு, அவன் கையில் கொடுப்பார். "இன்றைக்கு உன்னை விட்டுவிட்டேன். இதை நீ சுவரில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது" என்பார். அதன் பிறகுதான் பட்டியலை வாசிப்பார்.

வாய் கூசவில்லை, கை கூசவில்லை. எழுதி முடித்துவிட்டு கன்டீனில் போய் முட்டை ரொட்டி சாப்பிட்டேன். அந்த வாரம் வந்த அளவுக்குக் கடிதம் எந்த வாரமும் வரவில்லை. பிரதம ஆசிரியர் என் மேசையடியில் நின்று, நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உச்சி குளிர்ந்துபோனேன்.

பிறகு விளையாட்டுப் பக்கத்துக்குப் புதிய ஆள் வந்தார். நான் என் கத்தரிக்காய்க்குத் திரும்பினேன். ஸ்பானியரை மறந்தேபோனேன்.

அந்த அத்தியாயம் வந்து ஆறு வருடம் கழித்து, போன வருடம், அந்த மனிதரே கொழும்புக்கு வந்தார். விளையாட்டுச் சாமான் விற்கும் நிறுவனம் ஒன்று உள்ளூர்ப் பயிற்றுநர்களுக்காக இரண்டு நாள் வகுப்பு நடத்தக் கூப்பிட்டிருந்தது. அவருக்கு ஓரளவு ஆங்கிலம் வரும். அதைச் சிங்களத்தில் சொல்ல ஒருவர், தமிழில் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்கள். எங்கள் பத்திரிகையிடம் கேட்டார்கள். பிரதம ஆசிரியர் மறுபடியும் என்னைத்தான் பார்த்தார். பெயரைக் கேட்டதும் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் ஆறு வருடத்துப் பழைய பேப்பரை எவர் வைத்திருக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் மண்டபத்தில் கேள்வி நேரம். நீர்கொழும்பு, களனி, கொட்டாஞ்சேனை என்று பல இடத்துக் கழகத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். அவரவர் கழகத்துச் செயலாளர்மார் முன் வரிசையில். நான் மேடையில், ஸ்பானியருக்குப் பக்கத்தில். நாலாவது ஐந்தாவது ஆளாக, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் எழும்பினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பிளாஸ்டிக் ஃபைல். தான் கொட்டாஞ்சேனை என்றார். துறைமுகத்தில் வேலை என்றார். இளமையில் துறைமுக அணிக்கு முன்கள வீரராக ஆடியவர், இப்போது பதினைந்து வருடமாகத் தன் பகுதிக் கழகத்துக்குப் பயிற்றுநர். கேள்வி கேட்பதற்கு முதலே ஸ்பானியரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சேர், நீங்க செய்ற மாதிரியேதான் நானும் ஆறு வருசமா செய்றேன். மெட்ச் அண்டைக்கு யார எடுக்கலயோ, அவன்ட பூட்ஸ நானே துடைச்சு, அவன்ட கையில குடுத்து, மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன். எங்கட கமிட்டியில எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்களே ஒருக்கா சொல்லிட்டா நல்லம்."

நான் மைக்கை மற்றக் கைக்கு மாற்றினேன். முன் வரிசையில் அவருடைய கழகத்துச் செயலாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, இதற்காகவே வந்தவர் போல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேள்விப்பட்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூட்ஸ் துடைக்கும் ஆளை எந்த வீரன் மதிப்பான், கழகத்துக்கே அவமானம் என்று செயலாளர் வருடக்கணக்காக முறுகிக்கொண்டிருந்தார். ஸ்பெயினில் பெரிய ஆட்கள் செய்கிறார்கள் என்று இவர் சொல்லச் சொல்ல, பார்க்கலாம் என்று காத்திருந்தார். இவருடைய பதினைந்து வருடப் பொறுப்பு அன்றைக்கு அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஸ்பானியருக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தி, பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பல்ல, நல்ல மனிதர்தான். பூட்ஸ் துடைக்க எங்களிடம் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார் என்றார். பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு நான் வெளியே போய்விடுவேன், அழுகிற முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை என்றார். அந்த அறைச் சுவரைப் பார்த்துத் தன் பெயரைத் தேடிய அதே மனிதர்.

அந்தப் பதிலை நான் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன் அந்த மனிதரின் வாழ்க்கையில் இல்லாத ஒன்றைத் துணிந்து சேர்த்தவள், அன்றைக்கு மட்டும் அரிச்சந்திரி ஆகிவிட்டேன். ஓம், நல்ல வழக்கம், நானும் அப்படித்தான் என்று மாற்றிச் சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் எவருக்கு என்ன நட்டம்? சிங்களத்தில் சொன்னவர் பக்கத்தில் இருந்தார், அகப்பட்டுவிடுவேன் என்று பயந்தேன். அவ்வளவுதான். உண்மைக்குப் பயந்து சொல்லவில்லை, ஆளுக்குப் பயந்து சொன்னேன்.

மண்டபம் சிரித்தது. வெள்ளைச் சட்டைக்காரர் உட்காராமல் நின்றார். செயலாளர் திரும்பி இவரைப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்.

"மிஸ், நீங்க அந்தப் பேப்பர்தானே? உங்கட பேப்பர்ல வந்ததா இவர் சொல்லித் திரியிறாரு. உண்மையா?"

இவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சாட்சி கிடைத்துவிட்ட வெளிச்சம்.

"எனக்குத் தெரிஞ்ச மட்டும் அப்படி ஒண்டும் வரயில்ல" என்றேன். "அண்ணை வேற எங்கயோ வாசிச்சதைப் பிழையா விளங்கியிருப்பார்."

அவர் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். அதன் கிளிப்பில் விரல் இருந்தது. திறப்பார் என்று நினைத்தேன். அவர் திறக்கவில்லை. சரி மிஸ் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்தவர் கோர்னர் உதையைப் பற்றிக் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன்.

மூன்று கிழமை போயிருக்கும். கீழே வரவேற்பு மேசையிலிருந்து கூப்பிட்டார்கள், யாரோ கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருக்கிறார் என்று. போய்ப் பார்த்தால் அதே வெள்ளைச் சட்டை, அதே ஃபைல். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மன்னிப்புக் கேட்டார். சபையில் குழப்பம் பண்ணிவிட்டேன், உங்களுக்கும் சங்கடம் வந்துவிட்டது என்றார்.

பிறகு ஃபைலைத் திறந்தார். கொப்பித் தாள்களில் ஒட்டி வைத்த பத்திரிகைத் துண்டுகள். தொடர் முழுவதும் இருந்தது. ஒரு துண்டை எடுத்து என் முன் வைத்தார். பூட்ஸ் வரும் வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. என் சொந்த வரியைப் புதிதாகப் பார்ப்பவள் போல நான் வாசித்தேன். வாசிக்கிற மாதிரி நடித்தேன் என்பதுதான் சரி.

"அண்டைக்கே திறந்து காட்டியிருக்கலாம் மிஸ். ஆனா அவ்வளவு பேருக்கு முன்னால ஒரு பொம்பிளையப் பிழையாக்கிறது சரியில்ல எண்டு விட்டுட்டேன். உங்களுக்கு மறந்து போயிருக்கும். எவ்வளவத்த எழுதுறீங்க."

இதைக் கேட்ட பிறகாவது எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது கழகம் எப்படி என்று கேட்டேன். அவர் சிரித்தார். வேறோர் ஆளை எடுத்துவிட்டார்களாம், பயிற்றுநர் சான்றிதழ் வைத்திருக்கும் இளம் ஆள். எவரும் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை பயிற்சிக்கு வழக்கம் போலப் போயிருக்கிறார். கழகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில்தான் பார்த்தாராம்.

"துறைமுக டீமில ஒரு ஃபைனலுக்கும் என்ன இப்படித்தான் விட்டாங்க மிஸ். இருபத்தேழு வயசு எனக்கு. சுவத்தில பாத்துத்தான் தெரியும். உங்கட பேப்பர்ல அந்த வெள்ளக்காரருக்கும் அதே நடந்தது எண்டு வாசிச்சோடன, எனக்கு அவர் சொந்தக்காரன் மாதிரி ஆகிட்டாரு."

அவர் வந்த காரணத்தைச் சொன்னார். இதை எழுதினவரைப் பார்க்க வேண்டும். சண்டை போட அல்ல, ஒரு விஷயம் கேட்க. புனைபெயரின் மேல் விரலை வைத்து, இவர் இங்கேதானே வேலை செய்கிறார் என்று கேட்டார்.

"அவர் கனடாவுக்குப் போயிட்டார் அண்ணை" என்றேன்.

ஒரு சொல்லும் பொய்யில்லை பாருங்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கனடாவில்தான் இருக்கிறார். இவ்வளவு சுத்தமான பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. அவர் அந்தத் துண்டை மறுபடி ஃபைலுக்குள் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த கடித உறை ஒன்றை எடுத்தார். ஆளைக் காணக் கிடைக்காவிட்டால் கொடுக்க என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். எப்படியாவது அனுப்பிவிடுங்கள் மிஸ் என்றார். அனுப்புகிறேன் என்று வாங்கினேன்.

ஒன்பது நாள் அது என் லாச்சியில் கிடந்தது. கனடாவுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் அங்கிருப்பவர் விழுந்து விழுந்து சிரிப்பார், பிறகு எவளோ தன் பெயரைக் கெடுத்ததற்காகப் பிரதம ஆசிரியருக்கு எழுதுவார். கிழித்துப் போடவும் கை வரவில்லை. பத்தாம் நாள் திறந்தேன். எனக்கு எழுதிய கடிதம்தானே.

"மதிப்புக்குரிய ஐயா" என்றுதான் தொடங்கியிருந்தார். "நீங்கள் எழுதியது பிழை என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த வெள்ளைக்காரர் தான் அப்படிச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் இப்படி ஒரு காரியத்தை ஒருவர் சும்மா இருந்து யோசித்து எழுத முடியாது. எங்கேயோ யாரோ செய்திருக்கிறார். உங்களுக்குப் பெயர்தான் மாறிப் போயிருக்க வேண்டும். அவர் யார், எந்த நாடு என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். பெடியன்மாருக்குச் சரியான பெயரைச் சொல்ல வேண்டும். இவ்வளவு நாளும் பிழையான ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருந்துவிட்டோம்."

கீழே முழு முகவரி எழுதியிருந்தார்.

ஒரு ஞாயிறு நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தைரியம் வந்து போனேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஞாயிறு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்த் திரும்பி, மூன்றாம் ஞாயிறுதான் போய்ச் சேர்ந்தேன். ஒடுங்கிய ஒழுங்கை, மாடியில் இரண்டு அறை. பூசை முடிந்து வந்த உடுப்போடு இருந்தார்கள். அவருடைய மனைவி என்னை வாசலில் கண்டதும் உள்ளே பார்த்து, பேப்பர் மிஸ் வந்திருக்கிறா என்று சந்தோஷமாகக் குரல் கொடுத்தார். கனடாவிலிருந்து பதில் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அவர் அவசரமாகக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேநீர் வரும், தேநீர் வந்தால் வேறு கதை வரும், கதையில் நான் நழுவிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். நின்றபடியே சொன்னேன். அந்தப் பெயரில் எழுதினது நான். பூட்ஸ் கதை நான் கட்டினது. அந்த ஸ்பானியர் செய்யவில்லை, வேறெவரும் செய்யவில்லை. இதோ இந்தக் கொட்டாஞ்சேனைக் கோயிலில்தான் பெரிய வியாழன் அன்று ஃபாதர் கால் கழுவியதைப் பார்த்துவிட்டு, பக்கம் நிரப்ப எழுதினேன். மண்டபத்தில் எனக்கு மறக்கவில்லை. தெரிந்துகொண்டேதான் உங்களைப் பிழையாக்கினேன்.

அவருடைய மனைவி குசினி வாசலில் நின்றுவிட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். ஏசுவார், வெளியே போகச் சொல்வார், அதுவும் நல்லதுதான் என்று நின்றேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப இத முதல்ல செஞ்சது நான்தானா?"

ஓம் என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவர் பெருமைப்படுவார், அந்தப் பெருமையில் நான் தப்பிவிடுவேன் என்று நினைத்தேன். உங்களுக்கு முதல் ஒருவரும் செய்யவில்லை அண்ணை, நீங்கள்தான் என்று அழுத்திச் சொன்னேன். அவருடைய முகம் இன்னும் சுருங்கிற்று.

"பெரிய ஆள் ஒருத்தர் செய்றாரு எண்டு நினைச்சுத்தான் மிஸ் நான் செஞ்சேன். அவங்க சிரிக்கிற நேரம் எல்லாம், அங்க ஒருத்தர் குந்திக்கொண்டு துடைக்கிறார் எண்டு நினைச்சுக்கொள்ளுவேன். தனிய எண்டா எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது."

அவர் எனக்காகத் துடைத்துப் போட்ட கதிரை எங்களுக்கு நடுவில் கிடந்தது.

கழகத்துக்குப் போய் எல்லாரிடமும் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். செயலாளரின் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன், அவ்வளவு அவமானமாக இருந்தது. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். இப்போது போய்ச் சொன்னால் பொய்யை நம்பிக் கூத்தாடின விசரன் என்று சேர்த்துச் சொல்வார்கள், பிழையாக விளங்கிவிட்டான் என்பதே போதும் என்றார். பேப்பரில் திருத்தம் போடட்டுமா என்று கேட்டேன். யார் வாசிப்பாங்க மிஸ் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் பிறகு பிரதம ஆசிரியரிடம் கேட்டுப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முந்தினதை இப்போது எதற்குக் கிண்டுகிறாய் என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மனைவி தேநீர் கொண்டு வந்து வைத்தார். முதலில் குரல் கொடுத்தவர் போல இல்லை. ஆனால் சீனி போட்டிருந்தார். நான் குடித்தேன். குடிக்காமல் எழும்பியிருந்தால் அதுவும் ஓர் அவமரியாதை ஆகியிருக்கும். சூடு நாக்கைச் சுட்டது, அவசரமாக விழுங்கினேன்.

நான் வெளிக்கிடும்போது அவர் உள்ளே போய் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது உங்கட எழுத்து. நீங்களே வச்சிக்கொள்ளுங்க. என்னட்ட இருந்தா திரும்பத் திரும்ப வாசிப்பேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படிக்கட்டு வரைக்கும் வந்து, ஒரு படி உடைந்திருக்கிறது, பார்த்து இறங்குங்கள் என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். புறக்கோட்டை தாண்டி, காலிக்குப் போகும் பெரிய வீதியில் ஏறிய பிறகுதான் திறந்தேன். அந்த ஓர் அத்தியாயத்தை ஒட்டிய தாளை உருவி எடுத்தபோது அதன் பின்பக்கம் தெரிந்தது. பென்சில் எழுத்தில் மேலிருந்து கீழாக ஒரே பெயர்கள். தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், முஸ்லிம் பெயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திகதி. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. ஆறு வருடமாக ஆட்டத்தன்று அவர் அணியில் எடுக்காமல் விட்டவர்களின் பெயர்கள் அவை. பூட்ஸைத் துடைத்துக் கையில் கொடுத்த பிறகு பெயருக்கு நேரே ஒரு சரி அடையாளம் போட்டிருந்தார். சில பெயர்கள் நாலைந்து தடவை வந்தன, ஒவ்வொரு தடவையும் ஒரு சரி. கண்ணில் பட்டவரை ஒன்றுகூடத் தவறவில்லை. தாள் போதாமல் போய் மற்ற அத்தியாயங்களின் பின்பக்கங்களுக்கும் பட்டியல் போயிருந்தது.

அவர் இதை மறந்து கொடுத்துவிட்டாரா, நான் பார்க்க வேண்டும் என்றே கொடுத்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கப் போகவும் இல்லை. வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவள் நிமிர்ந்து பார்த்தபோது பஸ் கல்கிசைக்குக் கிட்ட வந்துவிட்டிருந்தது.

இறங்கி, வீதி ஓரத்தில் நின்று, அந்தப் பட்டியலின் கடைசி வரியை அப்போதுதான் பார்த்தேன். அதே பென்சில், அதே கையெழுத்து. திகதி, மண்டபக் கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, கழகத்துப் பலகையில் அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்த நாள். பெயர் அவருடையது. அதற்கு நேரே மட்டும் சரி போட்டிருக்கவில்லை.